மட்டவழுவும் சுமையணைவும்: ஒரே முறைப்பாடு, இரண்டு பழுதுகள்

அன்புடைய கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

பழைய கைத்தொலைபேசிகள் பற்றரியின் அளவைப் பிழையாகக் காட்டுவதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று தொடங்கிய உரையாடலில் ‘போலி ஏற்றம்’, ‘மின்கல அளவுப் பிழை’, ‘பற்றரிப் பிறழ்வு’ என்னும் மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் முன்வைத்தவர்கள் எண்ணிப் பார்த்தே முன்வைத்திருக்கிறார்கள். ஆயினும் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற வகையில் எனக்கு ஒரு பெரிய தடை தெரிகிறது. பாவனையாளர் ஒரே மாதிரி முறையிடுகிறார் என்பதற்காக, உள்ளே நடக்கும் இரண்டு வேறுபட்ட பழுதுகளை நாம் ஒரே பெயருக்குள் போட்டு அடைக்கிறோம். பெயர் ஒன்றானால் பரிகாரமும் ஒன்றுதான் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். இந்த விடயத்தில் அந்த எண்ணம் மக்களின் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குகிறது.

கடந்த மாதம் மாமியின் தொலைபேசியை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் உள்ள ஒரு சிறிய திருத்தும் கடைக்குக் கொண்டு சென்றேன். வாங்கி ஐந்து ஆண்டுகள் கடந்தது. கனடாவில் இருக்கும் மகளுடன் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, 31 வீதம் என்று காட்டியபடியே அது அணைந்துவிடும். கடையில் இருந்த தம்பி பின்மூடியைக் கழற்றி, பற்றரியின் இரு முனைகளிலும் வோல்ற்றளவைக் காட்டும் பல்மானியின் ஊசிகளை வைத்தார். 3.7 வோல்ற்று. பிறகு கமராவைத் திறந்து, பின்பக்க ஒளிவிளக்கையும் எரியவிட்டார். எண் 3.5, 3.3 என்று சரிந்து, 3.2ஐத் தொட்டதும் திரை இருண்டது. ஊசிகளை எடுக்காமலே காத்திருந்தோம். எண் மெல்ல மெல்ல மீண்டும் 3.7க்கு அருகில் ஏறி நின்றது. “அண்ணை, பற்றரிக்குள்ள சாமான் இருக்கு. லோட்டைத்தான் தாங்குதில்லை” என்றார் அவர். தொலைபேசியை மீண்டும் இயக்கியபோது 29 வீதம் காட்டியது.

இந்த நிகழ்வுக்குப் ‘போலி ஏற்றம்’ என்று பெயர் வைத்தால் அது உண்மைக்கு மாறாகிவிடும். மின்னேற்றம் போலியன்று, அது உள்ளேதான் இருந்தது. காட்டப்பட்ட எண்ணும் ஏறத்தாழச் சரியானதே. பிழைத்தது பற்றரிக் கலத்தின் அகத்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் கலத்தின் உள்ளேயே இருக்கும் தடை. புதிய கலத்தின் அகத்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். 2 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்போது 0.2 வோல்ற்று உள்ளேயே இழக்கப்படும், 3.7இல் மிஞ்சும் 3.5 வோல்ற்று தொலைபேசிக்குப் போதும். ஆண்டுகள் செல்ல, வெப்பமும் பாவனையும் சேர்ந்து அந்தத் தடையை 0.25 ஓமுக்கு உயர்த்திவிட்டால், அதே 2 அம்பியருக்கு 0.5 வோல்ற்று போய்விடும். மிஞ்சுவது 3.2. சுற்று தன்னைக் காத்துக்கொள்வதற்காக அந்த இடத்தில் அணைந்துவிடுகிறது. பாரம் நீங்கியதும் அழுத்தம் (வோல்ற்றளவு) மீள்கிறது.

நம் ஊர்க் கிணறுகளை அறிந்தவருக்கு இது புதிதன்று. தண்ணீர் இருக்கும் கிணற்றில் இயந்திரம் வைத்து வேகமாக இறைக்கும்போது, ஊற்றுக்கண் அடைபட்டிருந்தால் மட்டம் சடுதியாக இறங்கிக் குழாய் காற்றை இழுக்கத் தொடங்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் தண்ணீர் ஊறி வரும். அப்போது ஒருவரும் கிணறு பொய் சொன்னது என்று சொல்வதில்லை.

இரண்டாவது பழுது முற்றிலும் வேறானது. அதை விளங்கிக்கொள்ளத் தொலைபேசி அந்த எண்ணை எப்படிப் பெறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலிதியம் அயன் கலம் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 4.2 வோல்ற்றிலும், இக்காலக் கலங்கள் சில அதற்குச் சற்று மேலாகவும் நிற்கும். ஆனால் நடுப்பகுதி முழுவதும் அழுத்தம் மிகச் சிறிதளவே மாறுவதால், அழுத்தத்தை மட்டும் பார்த்து 60 வீதமா 40 வீதமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஓமின் ஆயிரத்தில் சில பங்கே உள்ள ஒரு நுண்ணிய தடையின் ஊடாக ஓட்டத்தைச் செலுத்தி, எவ்வளவு ஏற்றம் வெளியேறியது, எவ்வளவு உள்ளே வந்தது என்று ஒரு சில்லு (chip) இடைவிடாது கணக்கு வைத்திருக்கிறது. கிணற்றை எட்டிப் பாராமல், அள்ளிய வாளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பானது. எண்ணிக்கையில் சேரும் சிறு சிறு வழுக்கள் நாள்தோறும் குவியும். தொலைபேசி ஓய்ந்திருக்கும் வேளையில் அழுத்தத்தைப் பார்த்து அந்தக் கணக்கைச் சரிசெய்ய நல்ல சில்லுகள் முயலும். எனினும் எப்போதும் அது கைகூடுவதில்லை.

கிணறு தூர்ந்துபோனதை வாளி எண்ணுபவர் அறியாவிட்டால் என்ன ஆகும்? கொள்ளளவு 3000 மில்லியம்பியர் மணி என்று பொறிக்கப்பட்ட கலம் முதுமையால் 2100ஆகச் சுருங்கிவிட்டது, சில்லோ இன்னும் 3000 என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2100ஐ எடுத்து முடித்ததும் கலம் வெறுமையாகிவிடும். சில்லின் கணக்கில் இன்னும் 900 மீதி, அதாவது 30 வீதம். மாமியின் தொலைபேசியில் நின்றதும் ஏறத்தாழ அதே எண்! திரையில் தெரிவதில் ஒரு வேறுபாடும் இல்லை. உள்ளே ஒன்றில் ஏற்றம் இருந்தும் தர இயலவில்லை. மற்றதில் ஏற்றமே இல்லை, எண் மட்டும் இருக்கிறது.

இதனால் ஒரு பெயர் போதாது, மூன்று பெயர்கள் வேண்டும் என்பது என் கருத்து. காய்ச்சல் என்பது அறிகுறி. மலேரியாவும் டெங்குவும் நோய்கள். மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால்தான் வைத்தியர் காய்ச்சல் என்று கேட்டவுடன் மருந்து எழுதாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிக் கலைச்சொற்களையும் ஆக்கிய மண்ணில் இருந்து எழுதுகிறேன். பெயரிடுவதும் நோயறிவதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகள் என்பதை இங்குள்ளவர்கள் மறந்துவிடக் கூடாது.

பாவனையாளர் காணும் அறிகுறிக்கு ‘இடையணைவு’ என்று சொல்லலாம். ஏற்றம் மீதமிருப்பதாகக் காட்டும்போதே இடையில் அணைந்துபோதல் என்பது பொருள். காரணம் எதையும் இச்சொல் முன்கூட்டியே சொல்லாதது நன்மைக்கே.

கணக்குப் பிழைத்தமையால் வருவதற்கு ‘மட்டவழு’. இதன் முழு வடிவம் ‘ஏற்றமட்ட வழு’. வழக்கில் சுருக்கமே நிலைக்கும். ‘பிழை’யை விடுத்து ‘வழு’வை எடுத்தமைக்குக் காரணம் உண்டு. இலங்கைப் பாடசாலைகளில் சிறு நீளங்களை அளக்கும் வேணியர் இடுக்கியைக் கையிலெடுக்கும் மாணவர் முதலில் கற்பது ‘பூச்சிய வழு’ என்பதையே. அளவீட்டில் உண்மையில் இருந்து விலகும் அளவு என்ற துல்லியமான பொருள் அவருக்கு அங்கேயே பதிந்துவிடுகிறது. வழு, வழாநிலை, வழுவமைதி என்று இலக்கணத்திலும் சொல் ஆழ வேரூன்றியிருக்கிறது. பிழை என்றால் யாரோ ஒருவர் செய்த குற்றம் என்ற நிழல் விழுகிறது. ‘பிறழ்வு’ நல்ல சொல்தான், ஆனால் எவ்வளவு என்று அளக்கக்கூடிய ஒன்றை அது சுட்டுவதில்லை. “மட்டவழு 12 வீதம்” என்று எழுதலாம். “பிறழ்வு 12 வீதம்” என்பது காதில் ஒட்டவில்லை.

‘மட்டம்’ என்றால் தரக்குறைவு என்றும் பொருள்படுமே என்று தமிழகத்து நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். நீர்மட்டம், கடல்மட்டம் என்று கூட்டுச்சொல்லாக வரும்போது அந்தப் பொருள் எவருக்கும் தோன்றுவதில்லை. அதேபோல் ‘ஏற்றம்’ என்றால் கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமும் நினைவுக்கு வரலாம். எங்கள் பக்கத்தில் அதைத் துலா என்றே சொல்வதால் பாடநூல்களில் ‘ஏற்றம்’ குழப்பமின்றி நிலைத்துவிட்டது. கணக்கு வைக்கும் சில்லையும் இதையொட்டி ‘ஏற்றமானி’ என்று அழைக்கலாம்; ஆங்கிலத்தின் ‘fuel gauge’ஐப் பின்பற்றி, எரிபொருளை அளக்கும் கருவியின் பெயரைத் தொலைபேசிக்குள் கொண்டுவரத் தேவையில்லை.

அகத்தடையால் வருவதற்கு ‘சுமையணைவு’. அந்தத் தம்பி சொன்ன “லோட்டைத் தாங்குதில்லை” என்ற தொடரை அப்படியே தமிழ்ப்படுத்தியதுதான் இது. தொழில் செய்பவர்கள் ஏற்கெனவே கண்டுகொண்ட உண்மைக்குச் சொல் மட்டும் நாம் தருகிறோம்.

2017ஆம் ஆண்டு டிசெம்பரில் அப்பிள் நிறுவனம், முதுமையடைந்த பற்றரி கொண்ட ஐபோன்கள் சடுதியாக அணைந்துபோவதைத் தவிர்க்க அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக ஒப்புக்கொண்டது. உலகெங்கும் பெரும் சர்ச்சையாகிய அந்த விடயம் முழுக்கச் சுமையணைவு பற்றியது. வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் அழுத்தம் சரியாது. 2021 ஏப்ரலில் ஐபோன் 11 வகைகளுக்கு அதே நிறுவனம் தந்த இன்னொரு திருத்தமோ, பற்றரியின் கொள்ளளவு மதிப்பீடு பிழைத்திருந்தால் அதை மீளக் கணிப்பதற்கானது. அது மட்டவழுவின் வேரைத் தொடுவது. அப்போது தமிழில் நம்மிடம் இரண்டு சொற்கள் இருந்திருந்தால் செய்திகளை எழுதியவர்கள் இரண்டையும் “பற்றரிப் பிரச்சினை” என்று ஒரே வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இனி, இரண்டையும் வீட்டிலேயே வேறுபடுத்தும் முறை. தொலைபேசி இடையணைவுற்றதும் மின்னேற்றியில் செருகாதீர்கள். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பின்பு இயக்கி, உடனே விமானப் பயண நிலைக்கு மாற்றித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். முன்பு நின்ற எண்ணுக்கு அருகில் காட்டி, அரை மணி நேரத்துக்கு மேலாகவும் ஓடுமானால் அது சுமையணைவு. இரண்டு மூன்று வீதம் மட்டுமே காட்டினால், அல்லது எழும்பவே மறுத்தால் அது மட்டவழு. ஓய்வில் அழுத்தத்தைப் பார்த்த ஏற்றமானி தன் பழைய கணக்கைக் கைவிட்டுவிட்டது என்பதே அதன் பொருள். மிகப் பழைய தொலைபேசிகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அப்போது எது மேலோங்கி நிற்கிறது என்பதையே இச்சோதனை சொல்லும். பின்மூடி புடைத்திருந்தால் சோதனை ஒன்றும் வேண்டாம். பாவனையை நிறுத்தி, குத்தாமல் வளைக்காமல், பற்றரியை மாற்றுங்கள்.

மட்டவழுவைத் திருத்துவதற்கு ‘மட்டத்திருத்தம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஆய்வுகூடத்தில் ‘அளவுகோடிடல்’ என்போம். ஆனால் இங்கே கோடு எதுவும் இடப்படுவதில்லை. தானாக அணையும் வரை பாவித்து, இடைநிறுத்தாமல் நூறு வீதம் வரை ஏற்றி, மேலும் சிறிது நேரம் செருகியே வைத்தால், ஏற்றமானி கலத்தின் இன்றைய கொள்ளளவை மீண்டும் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கும். இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஒவ்வொரு நாளும் அடிவரை இறக்கி ஏற்றுவது நிக்கல் கட்மியம் கலங்களின் காலத்துப் பழக்கம். இலிதியம் கலத்தை அது விரைவாகத் தேய்க்கும். பற்றரிப் பாவனைப் புள்ளிவிபரக் கோப்பை அழித்தால் எண் சரியாகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பதே அக்கோப்பில் இருக்கும். ஏற்றமட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மட்டத்திருத்தம் எண்ணைத்தான் திருத்தும், கலத்தை இளமையாக்காது. சுமையணைவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசியைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் மூன்று வாரங்களாக மாமி, யாரோ சொன்னதைக் கேட்டு, நாள்தோறும் அதை முழுதாக இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தேய்ந்த கலத்தை இன்னும் தேய்த்ததே மிச்சம். புதிய பற்றரி போட்ட பிறகு இப்போது 5 வீதம் வரை தொலைபேசி அணையாமல் பேசுகிறார்.

1990களில் இங்கு மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் அரிதாகிப்போன ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஒளித்து வைத்த பழைய பற்றரிகள் சோரும்போது வானொலியின் குரல் மெலிந்து கம்மும்; இன்னும் எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பதைக் காதே சொல்லிவிடும். இன்றைய தொலைபேசி கடைசிக் கணம் வரை ஒரே தெளிவுடன் பேசுவதால் அந்த எண் ஒன்றையே நம்பி இருக்கிறோம். அந்த எண் எப்போது வழுவுகிறது, எப்போது வழுவவில்லை என்று சொல்லத் தெளிவான சொற்கள் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. தமிழகத்து வேதியியலில் ‘அணைவுச் சேர்மம்’ என்று வேறு பொருளில் ‘அணைவு’ வழங்குகிறது. இங்கு அதைச் ‘சிக்கற் சேர்வை’ என்பதால் எங்களுக்கு மோதல் இல்லை. தமிழக நண்பர்களுக்கு ‘சுமையணைவு’ இடறுமானால், ‘சுமைநிறுத்தம்’, ‘இடைநிறுத்தம்’ என்று மாற்றலாமா என்று பார்த்தேன். ஆனால் நிறுத்தம் என்பதில் யாரோ வேண்டுமென்றே நிறுத்திய தொனி வந்துவிடுகிறது. தானாக நிகழும் ஒன்றுக்கு ‘அணைவு’தான் பொருந்துகிறது என்றே இன்னும் எண்ணுகிறேன். இந்த ஒரு புள்ளியில் உங்கள் கருத்தை அறிந்த பின் மூன்று சொற்களையும் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்தில் இருந்து