காலில் தொடங்கி மேலேறும் சிவப்பு நுண்குழாய்கள்: மறுபடி பயாப்ஸி தேவையா?

கேள்வி:
ஐம்பது கடந்த பெண். கணுக்காலில் சிலந்தி வலை போல ஆரம்பித்த சிவப்புக் கோடுகள் சில வருடங்களில் தொடை, வயிறு வரை ஏறிவிட்டன. அரிப்பு, வலி இல்லை. அழுத்தினால் மறைகின்றன. கணுக்கால் பயாப்ஸியில் (தோல் துண்டுப் பரிசோதனை) "டெலாஞ்சியெக்டேசியா", அதாவது விரிந்த நுண்குழாய்கள், என்ற ஒற்றைச் சொல்தான் வந்தது. கொலாஜினஸ் வாஸ்குலோபதியோ (தோலின் நுண்குழாய்ச் சுவரில் கொலாஜன் புரதம் படிந்து தடிக்கும் நோய்) என்று சந்தேகம். மறுபடி எடுப்பதானால் எங்கே, எப்படி? ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்தலாமா?

பதில் 1:
முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உதடு, நாக்கு, விரல்நுனிகளில் சிவப்புப் புள்ளிகள். தானாக அடிக்கடி மூக்கில் ரத்தம். நுரையீரல், ஈரல் போன்ற உள்ளுறுப்பில் தமனி-சிரைக் கோளாறு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இதே நோய். இந்த நான்கில் மூன்று இருந்தால் பரம்பரை ரத்தக்கசிவு டெலாஞ்சியெக்டேசியா உறுதி. இரண்டு என்றாலும் நுரையீரலுக்குக் குமிழி எக்கோ (நுண்குமிழி கலந்த திரவத்தைச் சிரையில் செலுத்திப் பார்க்கும் இதய ஸ்கேன்) பார்த்தாக வேண்டும். கொலாஜினஸ் வகை பெரும்பாலும் வாய்ப்பக்கம் போகாது.

டெர்மோஸ்கோப்பை (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) அழுத்தினால் ரத்தம் விலகிக் குழாயே தெரியாமல் போகும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, பட்டும் படாமல் பிடியுங்கள். கறுத்த தோலில் சிவப்பு பழுப்பாகத் தெரியும், வெறுங்கண்ணை நம்ப வேண்டாம்.

பதில் 2:
மறுபடி குத்தித் தோல் எடுப்பதற்கு முன் பழைய பாரஃபின் பிளாக்கை (முதல் தோல் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சீவி பி.ஏ.எஸ். சாயமும், கிளைக்கோஜனைக் கரைக்கும் டயஸ்டேஸ் நொதியும் போட்டாலே பாதி விடை கிடைக்கும். வழக்கமான சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தடித்த சுவர் சுலபமாகக் கண்ணுக்குத் தப்பும். டயஸ்டேஸுக்குப் பிறகும் சுவர் நிறம் பிடித்து நின்றால் கொலாஜினஸ். நான்காம் வகை கொலாஜன் சாயம் அதை உறுதி செய்யும். சுவர் மெல்லியதாக இருந்தால் எசென்ஷியல் (வேறு நோய் காரணமில்லாத) டெலாஞ்சியெக்டேசியா. சுற்றி மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்குபெறும் செல்கள்) குவிந்திருந்தால் கதையே வேறு, அவற்றைக் காட்டும் சி.டி.117 சாயம் போடச் சொல்லுங்கள்.

ஆனால் பழையது கணுக்கால் என்பதுதான் சிக்கல். ரத்தத் தேக்கத்தாலேயே அங்கே சுவர் தடிக்கும். சந்தேகம் தீராவிட்டால் தொடையில் 4 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தியால் தோல் துண்டு எடுப்பது). மரத்துப்போக அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் ஊசி போடுங்கள்; கலந்தது குழாயைச் சுருக்கிவிடும். படிவத்தில் சந்தேகத்தை எழுதி அனுப்புங்கள். சலாமா, ரோசெந்தால் இந்நோயை முதலில் விவரித்ததே 2000-இல்தான். தேடாதவர் கண்ணில் படாது.

பதில் 3:
அம்லோடிபினால் வரும் டெலாஞ்சியெக்டேசியா பெரும்பாலும் வெயில் படும் முகம், கழுத்து, கைகளில். காலில் தொடங்கியதற்கு அதன்மேல் பழி போட்டு நிறுத்தி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட வேண்டாம்.

சிகிச்சை அழகுக்காக மட்டுமே. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் உதவலாம், ஆனால் கறுத்த தோலில் கருமை படியலாம். முதலில் மறைவான இடத்தில் சின்னதாக லேசர் அடித்து, 6 முதல் 8 வாரம் பொறுத்துப் பாருங்கள். கால் முழுக்க என்றால் பல அமர்வுகள். செலவை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.