புதுப்பிப்பு: சீட் மோட்டார் அல்ல, எர்த்

போன கிழமை எழுதியிருந்தேனே, என் காரில் டிரைவர் பக்கத்துப் பவர் சீட் (மோட்டாரில் நகரும் இருக்கை) எந்தப் பக்கமும் நகராமல் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது என்று? ஆள் பிடிபட்டுவிட்டான்.

பியூஸ் நல்லது. கராஜில் மோட்டார் மாற்றச் சொன்னார்கள். ஆனால் எல்லா மோட்டாரும் ஒரே நாளில் சாகுமா? ஒரு திசை மட்டும் வேலை செய்யாவிட்டால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். எல்லாமே நின்றால் பொதுவான சப்ளை அல்லது எர்த்தைத்தான் (கரண்ட் காரின் உலோக உடல் வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு) முதலில் பார்க்க வேண்டும்.

சீட் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட். இதைப் பார்த்து, கரண்ட் சரியாக வருகிறது என்று முதல்நாள் ஏமாந்தேன். சுவிட்சை அழுத்திப் பிடித்து அளந்தால் 7! எர்த் வயருக்கும் காரின் உலோக உடலுக்கும் இடையில் மட்டும் 5 வோல்ட்டுக்குக் கிட்ட வீணாகிக்கொண்டிருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால், எர்த் போல்ட் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உப்புவெளிக் கடற்கரையோரம் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினேன். சீட் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.

அப்புறம், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் எயர்பேக்குக்கு உரியது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அதைத் தொடாதீர்கள்.