வரைபடத்தில் கார் நிற்கும் இடம், தெருவில் கார் நிற்கும் இடம்: நம் பகுதி அனுபவங்கள்

கல்லுக்கட்டிக்காரர்:

வாடகைக்குப் பிடித்த தரைத்தளக் கடையில் மருந்துக்கடை நடத்துகிறேன். காரைக்குடியில் எந்தச் சாலை, எந்தக் கட்டடம் என்று சொல்ல விரும்பவில்லை. நகரமைப்புப் பிரிவிலிருந்து இருவர் வந்து, கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபட நகலை என் மேசையின் மீது விரித்தார்கள். தாள் சுருண்டுகொண்டே இருந்ததால் நாலு மூலைக்கும் இருமல் மருந்துப் பாட்டில்களைப் பாரமாக வைத்தார்கள். நான் உட்கார்ந்து கணக்கு எழுதும் இடம் அந்த வரைபடத்தில் ஒரு நீள்சதுரக் கட்டமாக இருந்தது. அதற்குள் 'கார் 4' என்று எழுதியிருந்தது. இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி 'கார் 5' இல் நின்றுகொண்டிருந்தது.

வாசலோரம் ஒரு தரை ஓடு பெயர்ந்து கிடந்தது. அலுவலர்களில் இளையவர் குனிந்து அந்த இடத்தை விரலால் தேய்த்தார். சிமெண்ட் தூசுக்கு அடியில் மஞ்சள் வண்ணக் கோடு ஒன்று தெரிந்தது. அனுமதித்தபடியே கட்டி முடித்ததாகத் தரும் கட்டட முடிவுச் சான்றை வாங்கும் நாளில் கார் நிறுத்தக் கோடு போட்டுக் காட்டி, சான்று கைக்கு வந்ததும் அதன்மேல் ஓடு பதித்து, ஷட்டர் மாட்டி, கடையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எல்லாக் கட்டடத்திலும் இப்படித்தான் இருக்கிறது" என்று அவர் வருத்தமே இல்லாமல் சொன்னார். விதியை மீறியவர் அவர். சீல் வைத்தால் பூட்டப்படுவது என் ஷட்டர். இதே நிலையில் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி:

எங்களுடையது இதற்கு நேர் எதிரான கதை. எங்கள் வீடு கட்டப்பட்ட காலத்தில் கார் இடம் கேட்க விதியே இல்லை, இப்போது கேட்கிறார்கள்.

பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைப் பங்காளிகள் அனைவரின் ஒப்புதலோடும் பழுது பார்த்தோம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் உள்ள அறைகளை, வந்து தங்குபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தோம். குடியிருப்பாக இருந்த கட்டடத்தைத் தங்கும் விடுதியாக மாற்றினால் உபயோக மாற்றம் ஆகிவிடும். உபயோகம் மாறினால் அதற்கேற்ற வாகன நிறுத்துமிடத்தையும் மனைக்குள் காட்ட வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு இங்கு எல்லோருக்கும் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். இடையில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று சுவரோடு சுவராக ஓடும். பக்கவாட்டில் ஒரு சைக்கிள்கூட நுழையாது. அப்படிப்பட்ட வீட்டில் கார் இடத்தை எங்கே காட்டுவது?

வரைபடம் தயாரிக்க வந்த இளைஞர் தமது மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் எங்கள் திண்ணையின் மீது சிவப்புக் கோட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன. "திண்ணையையும் அந்த நாலு தூணையும் எடுத்துவிட்டால் இரண்டு கார் வந்துவிடும், ஆச்சி" என்றார். அவை பர்மாத் தேக்குத் தூண்கள். விருந்தினர்கள் வந்து படம் எடுப்பதே அந்தத் திண்ணையைத்தான். அதை இடித்துக் கார் நிறுத்திவிட்டால், அதன்பிறகு எதைப் பார்க்க யார் காரில் வருவார்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கட்டடப் பொறியாளர், தேவகோட்டை:

கல்லுக்கட்டி நண்பருக்கு: வாடகைதாரர் மீது பொறுப்பே இல்லை என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது, கடையின் உபயோகமும் உங்களுடையது.

என் அனுபவம் சிறியது. வணிகக் கட்டடம் ஒன்றுக்கு வேறொருவர் வரைந்த வரைபடத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சந்தேகம் தீராமல், கட்டி முடித்த தளத்தில் என் காரையே ஓட்டிச் சென்று குறித்த கட்டத்தில் நிறுத்தினேன். கார் நின்றது, கதவுதான் திறக்கவில்லை. இருபுறமும் தூண். பின்னிருக்கைக்குத் தாவி, டிக்கி வழியாக வெளியே வந்தேன். காவலாளி பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

இனி சில விவரங்கள். இன்று நடைமுறையில் இருப்பவை 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன்பு சென்னைப் பெருநகருக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று விதிகள் பிரிந்து கிடந்தன, அவை ஒன்றாக்கப்பட்டன. எந்த உபயோகத்துக்கு எத்தனை சதுர மீட்டருக்கு ஒரு கார் இடம், எத்தனை இருசக்கர வாகன இடம் என்பதை அதன் இணைப்பு அட்டவணை சொல்கிறது. ஒரு கார் இடம் என்றால் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதாவது பன்னிரண்டரை சதுர மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி. கார் உள்ளே வந்து திரும்பும் வழிக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு காருக்கும் இதைப்போல் இரு மடங்கு இடம் போய்விடும். பிரதான சாலையில் அந்த இடத்தைக் கடையாக விட்டால் என்ன வாடகை வரும் என்பதை உரிமையாளர் கணக்குப் பார்க்கிறார். மீறலின் காரணம் அவ்வளவுதான். ஆகவே, கடை பிடிக்கும் எவரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்: அனுமதி ஆணை, முத்திரையிட்ட வரைபடம், கட்டட முடிவுச் சான்று. மூன்றாவது தாள் சிறிய வீடுகளுக்கும் சிறிய வணிகக் கட்டடங்களுக்கும் தேவைப்படாமல் இருக்கலாம்; பெரிய வணிகக் கட்டடத்துக்கு அது இல்லாமல் இருக்கக் கூடாது. மின் இணைப்புக்கும் அதைக் கேட்கிறார்கள். வரைபடத்தில் தரைத்தளம் தூண்களும் கட்டங்களுமாக இருந்து, நேரில் ஷட்டர்களாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சொந்தமாகச் சிறு வீடு கட்டுபவர்களும் கவனிக்க வேண்டும். 2024 முதல் 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால் விதிப்படிதான் கட்டுகிறோம் என்று விண்ணப்பிப்பவரே உறுதியளிக்கும் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. உடனே கிடைக்கிறது என்பதற்காக, பின்னர் எவரும் அளக்க வர மாட்டார்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஆச்சிக்கு: உங்கள் பின்தெருவின் அகலம் என்ன? பின்கட்டில் மாட்டுக்கொட்டில் இருந்த வெட்டவெளி இருந்தால் அதையே காட்டிப் பார்க்கலாம். தூண்களைத் தொடாதீர்கள்.

பள்ளத்தூர் மருமகள்:

பொறியாளர் அண்ணன் எழுதியது எங்கள் பக்கத்துத் திருமண மண்டபத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். முகூர்த்த நாளில் அந்தப் பலகைக்குக் கீழேதான் கோட்டை அடுப்பு வெட்டி, தகரம் அடைத்துச் சமையல் நடக்கிறது. மீதி இடத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள். வருகிற கார்கள் முதலில் மண்டபத்து மதிலோரம் நிற்கும், பிறகு ஊருணிக் கரையில் நிற்கும், கடைசியாக எங்கள் வாசலில் வந்து நிற்கும்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாதபடி வெள்ளைக் கார் ஒன்று எங்கள் கேட்டை ஒட்டி நின்றது. உள்ளே ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். அவர் பதறி எழுந்து, மிகுந்த மரியாதையுடன், "மன்னிக்கணும் ஆச்சி, இரண்டாம் பந்தியில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார், எழுந்ததும் எடுத்துவிடுகிறேன்" என்றார். பிறகு மண்டபத்துக்குள் போய் எனக்கும் ஒரு தாம்பூலப் பை வாங்கி வந்து கொடுத்தார். சண்டை போடலாம் என்று போன என்னால் அதற்குமேல் ஒன்றும் பேச முடியவில்லை. கார் பந்தி முடிந்துதான் நகர்ந்தது. மண்டபம் நடத்துபவரிடம் போய்க் கேட்டதற்கு, தெரு பொதுச்சொத்து என்றார். அவருடைய சமையலுக்கு அவருடைய மனை, அவருடைய கார்களுக்கு என்னுடைய வாசல் என்பது எந்த ஊர் நியாயம்?

டோக்கியோவில் இருக்கும் கோட்டையூர்க்காரன்:

மேலே எழுதிய அனைவரும் கட்டடத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே காரைக் கேட்கிறார்கள். ஜப்பானில் 1962 இல் வந்த சட்டப்படி, காரை நிறுத்த இடம் இருக்கிறது என்ற சான்று இருந்தால்தான் அதைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நான் பழைய கார் ஒன்று வாங்கியபோது, வாடகை நிறுத்துமிடத்தின் உரிமையாளரிடம் ஒப்புதல் கடிதம் பெற்று, வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வழியைக் கையால் வரைந்து, காவல் நிலையத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அலுவலர் அளவுகோலை எடுத்து, என் படத்தில் தெரு அகலத்தை எழுதாமல் விட்ட இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, தாளை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். இத்தனைக்கும் அது ஆள் படுத்தால் கால் நீட்ட முடியாத அளவுக்குச் சிறிய கார்.

கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் என்று கட்டாயப்படுத்தும் முறை அமெரிக்காவிலிருந்து பரவியது. ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923 இல் அடுக்குமாடி வீடுகளுக்கு அதைக் கொண்டு வந்தது. அந்த நாட்டிலேயே பஃபலோ நகரம் 2017 இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. நியூசிலாந்து 2020 இல் ஆணையிட்டு, 2022 தொடக்கத்துக்குள் தன் நகரங்கள் அதைக் கைவிடச் செய்தது. கார் இடத்தின் செலவு வீட்டு வாடகையிலும் கடைப் பொருளின் விலையிலும் ஒளிந்துகொள்கிறது, கார் இல்லாதவரும் அதைச் சுமக்கிறார் என்று டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ஆச்சியின் திண்ணையைக் கேட்கும் விதியைவிட, காரை வாங்குபவரிடம் இடத்தைக் கேட்கும் விதி நேர்மையானது என்பது என் கருத்து.

செக்காலை:

கோட்டையூர் நண்பரே, டோக்கியோவில் ரயில் இருக்கிறது. குன்றக்குடியிலிருந்து பிள்ளையைக் காய்ச்சலுடன் தூக்கிக்கொண்டு இரவில் காரைக்குடி மருத்துவமனைக்கு வருபவர் எதில் வருவார்? கட்டாயத்தை நீக்கிவிட்டால் அந்த மருத்துவமனை, இருக்கும் இடத்தையும் ஸ்கேன் அறையாக மாற்றிவிடும். உண்மையில் இங்கு நடப்பது என்னவென்றால், விதி இருசக்கர வாகன இடத்தையும் கேட்கிறது, ஆனால் கட்டடங்களில் கார் இடத்தையே எண்ணிக் காட்டுகிறார்கள், வருபவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் வருகிறார்கள். நான் போகும் பல் மருத்துவரின் கட்டடத்தில் இரண்டு கார் இடங்களைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சங்கிலிக்கு வெளியே, சாக்கடை மூடிகளின் மீது வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. பூட்டைத் திறக்கக் கேட்டேன். அது டாக்டர் காருக்கு என்றார்கள். டாக்டர் ஸ்கூட்டரில் வருகிறார்.

அடுக்குமாடி வாசி:

இதே திரியில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு நடந்ததும் இதே கட்டங்களைப் பற்றியதுதான். வீடு வாங்கும்போது, கட்டுநர் ஸ்டில்ட் தளத்தில் (வீடுகளுக்குக் கீழே தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில்) கார் இடத்துக்கென்று தனியாகப் பணம் கேட்டார், ரசீது மட்டும் தரவில்லை. குடிபோன பின்பு என் எண் எழுதிய இடத்தில் ஜெனரேட்டரை இறக்கிவிட்டார்கள். சுவரில் என் வீட்டு எண் இன்னும் இருக்கிறது. அதன்மீது டீசல் புகை படிந்து '3' என்பது '8' போலத் தெரிகிறது. ஸ்டில்ட் தளத்துக் கார் இடங்களைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது மகாராஷ்டிரத்தின் அடுக்குமாடிச் சட்டத்தை வைத்து எழுந்த வழக்கு என்று வழக்கறிஞர் சொல்கிறார். 2016 இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியாகவே கணக்கிடுகிறது. என்னுடையது திறந்தவெளியும் இல்லை, மூன்று பக்கம் சுவர் வைத்த கராஜும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

கல்லுக்கட்டிக்காரர்:

பொறியாளருக்கு: மூன்று தாள்களையும் கேட்டிருந்தேன். முதல் இரண்டையும் தருவதாகச் சொல்லியே உரிமையாளர் முன்பணம் வாங்கினார். இப்போது எனக்கு வந்த நோட்டீசில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியை மட்டும் மைத்துனர் கடைக்கு மாற்றிவிட்டேன்.

கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி:

பொறியாளர் தம்பி கேட்டதற்குப் பதில்: பின்தெருவில் மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பும். ஐயா காலத்தில் கார் கொட்டகையும் அங்கேதான் இருந்தது. பாகப்பிரிவினையில் அது வேறு புள்ளிக்கு, அதாவது வேறு பங்காளிக் குடும்பத்துக்கு, போய்விட்டது. விருந்தினர் வண்டிகளை இப்போது எதிர் வரிசையில் உள்ள பங்காளி வீட்டுக் காலிமனையில், மாத வாடகை பேசி, வேப்பமரத்து நிழலில் நிறுத்துகிறோம். தெருவில் ஒரு வண்டிகூட நிற்பதில்லை. அந்த மனையை எங்கள் வரைபடத்தில் சேர்த்துக் காட்டலாமா என்று எழுத்து மூலம் கேட்டிருந்தேன். "மனைக்குள் காட்டவும்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன், பங்காளியின் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து இணைத்தால் எடுபடுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.