புதுப்பிப்பு: பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டு அலைந்த கதை, நான்கு மாதம் கழித்து

முன்பு எழுதியதன் சுருக்கம்: 11 வருடம் உழைத்த கம்பெனி, வேலையை விட்டு அனுப்பிவிட்டுப் பணிக்கொடையும் கிடையாது என்றது. சாமி படத்துக்கு விளக்கேற்றவே மனசு வரவில்லை என்று புலம்பியிருந்தேன்.

பலர் சொன்னபடி தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை உரிமை. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். எனக்கு அந்தச் சம்பளம் 26,000 ரூபாய், 11 வருடம். ஆக 1,65,000. முப்பது நாளுக்குள் தராவிட்டால் வட்டியும் உண்டு. இதுவரை இரண்டு விசாரணை. முதல் தடவை எதிர்த்தரப்பு வரவே இல்லை. இரண்டாவதில் வக்கீல் வந்து வாய்தா வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம், "சாமியிடம் சண்டை போடுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அன்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தேவாரம் பாடிய சுந்தரர் கதை ஞாபகம் வந்தது. பார்வை போனதும் கும்பிட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை அவர். ஊர் ஊராகப் போய்ச் சிவனைத் திட்டியே பாடினார். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் கிடைத்தது என்பார்கள். (மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறியதால்தான் பார்வை போனது, அது வேறு விஷயம்.)

நானும் திட்டுகிறேன், தினமும், விளக்கேற்றிவிட்டு. அடுத்த வாய்தா 14ஆம் தேதி. சம்பளச் சீட்டுகளை எல்லாம் நகல் எடுத்து வைத்துவிட்டேன்.