புதுப்பிப்பு: மேற்கு ஜன்னலுக்கு மரச் சட்டர் தேவையா?

மேற்கு ஜன்னலுக்கு லூவர் (சாய்வான பட்டைகள்) வைத்த மரச் சட்டர் (ஜன்னலை மூடும் மறைப்புக் கதவு) தண்டச் செலவா என்று முன்பு கேட்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே மாட்டினால் போட்ட காசுக்குத் தகும். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால், உள்ளே திரை போட்டாலும் சூடு அறைக்குள்தான். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீடுகளில் சட்டர் வெளியே இருப்பது வெறும் அழகுக்கல்ல. வடக்கு ஜன்னலுக்கு வேண்டாம், வீண்.

தச்சரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: சட்டருக்கும் ஜன்னல் நிலைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி. இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊதி இறுகும். அப்போது இழைத்துவிட்டால் கோடையில் லொடலொடவென்று ஆடும். நாலடி உயரத்துக்கு 3 கீல். கடலோரமென்றால் கீல், திருகாணி எல்லாம் பித்தளையே. இரும்பு துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும். பலகையின் வெட்டுமுனைகளுக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான். திறந்த சட்டரைச் சுவரோடு பிடிக்கும் கொக்கி, கிரில்லுக்குள் கைவிட்டால் எட்டுகிறதா? மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.