ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒத்துப்போகாத வேளைகள்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்)

நாலு ஓம்

தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஜோடி. பின்பக்கத்தில் அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 4 ஓம் என்று அச்சிட்டிருந்தது. அதை இயக்கியது, சேனலுக்கு 100 வாட் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு ஏ.வி. ரிசீவர் (பல சேனல் ஆம்ப்ளிஃபையரோடு வீடியோ இணைப்புகளும் சேர்ந்த பெட்டி). சிம்பொனி ஒன்றின் உச்சத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு முழங்கத் தொடங்கிய கணத்தில் உள்ளே ரிலே (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) “டக்” என்று விழுந்தது. திரையில் பாதுகாப்பு எச்சரிக்கை மின்னியது. ஒலி முழுவதும் நின்றுபோனது. ஒலியளவைச் சற்றுக் குறைத்து மறுபடி ஓடவிட்டால், அதே முழக்கத்தில் அதே “டக்”.

நண்பர் ஒருவர் தம்முடைய பழைய இன்டெக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையரை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார். அது 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் 95 வாட்டும் தரக்கூடியது. அதில் அதே டிம்பனி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஒலித்தது மட்டுமல்ல, அடி விழுந்ததும் தோல் அதிர்ந்து அடங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பாதி வாட் உள்ள பெட்டி முழு வாட் பெட்டியை எப்படி வென்றது என்பதுதான் இன்றும் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ரிசீவரின் கையேட்டைப் புரட்டியபோது, அந்த 100 வாட் என்பது 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனுடன் (ஒலிச் சிதைவுடன்), ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி அளந்த கணக்கு என்று பொடி எழுத்தில் இருந்தது. ஸ்பீக்கரை அளந்து பார்த்ததில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதன் இம்பீடன்ஸ் 3 ஓமுக்கும் சற்றுக் கீழே இறங்கியது. டிம்பனியின் ஆதார சுருதிகள் உலவுவதும் அந்த வட்டாரத்தில்தான்.

மேடைக்காரர்

இதைவிட மோசமான ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டு விழாவில் 20 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை, 100 வாட் தாங்கும் ஸ்பீக்கர்களில் மாட்டி நடனத்துக்குப் பாட்டுப் போட்டார்கள். இரவு ஏற ஏற குமிழும் ஏறியது. ஒரு கட்டத்தில் பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் மேல்ஸ்தாயி ஒலிக்கான ட்வீட்டரைக் கழற்றியபோது அதன் வாய்ஸ் காயில் (உள்ளே அசையும் கம்பிச்சுருள்) கறுத்து, கம்பி அறுந்து கிடந்தது. சிறிய ஆம்ப்ளிஃபையர்தான் ட்வீட்டரைக் கொல்லும் என்பது அன்றே எனக்கு உறுதியாகிவிட்டது. ஸ்பீக்கர் தாங்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு உள்ள ஆம்ப்ளிஃபையரையே வாங்க வேண்டும். முதலில் எழுதியவருக்கும் ஒரு வார்த்தை: ரிசீவரின் மெனுவில் 4 ஓம் அமைப்பு இருக்கும், அதை மாற்றிவிட்டால் போதும்.

வெப்பத்தகடு

மேடைக்காரர் சொல்லும் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த 4 ஓம் அமைப்பு, பெரும்பாலான ரிசீவர்களில் உள்ளே வழங்கப்படும் மின்னழுத்தத்தைக் குறைத்து, வெப்பச் சோதனையில் பெட்டி தேறுவதற்கு வழி செய்கிறது; அவ்வளவுதான். ரிலே விழாமல் போகலாம், ஆனால் டிம்பனிக்குத் தேவையான கரண்ட் அதனால் கூடிவிடாது. கிளிப்பிங்தான் (வெளியீடு எல்லையை எட்டி அலையின் உச்சம் வெட்டுப்படுவது) இன்னும் முன்னதாகவே தொடங்கும்.

ட்வீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபையர் சிறியது என்பதற்காக எந்த ட்வீட்டரும் கருகுவதில்லை. கிளிப்பிங்கைத் தாண்டியும் குமிழைத் திருப்பிக்கொண்டே போவதால்தான் கருகுகிறது. இசையின் ஆற்றலில் பெரும்பகுதி கீழ்ஸ்தாயியில் இருப்பதால் முதலில் தலை வெட்டப்படுவது பாஸ் ஒலியின் உச்சம். அது அதற்குமேல் வளர முடியாமல் நிற்க, மேல்ஸ்தாயி மட்டும் குமிழோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. பத்து டெசிபெல் மிகையாகத் திருப்பினால், ட்வீட்டருக்குப் போகும் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்கை நெருங்கும். வெட்டுப்பட்ட அலையில் பிறக்கும் ஹார்மானிக்குகள் (மடங்கு அதிர்வெண் ஒலிகள்) அதற்கு மேல் வந்து சேரும். தொடர்ச்சியாகச் சில வாட் மட்டுமே தாங்கக்கூடிய ஒரு மெல்லிய காயில் அதன்பின் என்ன செய்யும்? அதே கைகளில் 200 வாட் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்திருந்தால் கீழ்ஸ்தாயிக்கான வூஃபரும் சேர்ந்து போயிருக்கும்.

என் சொந்த அனுபவம் சிறியதுதான்: 15 ஓம் கொண்ட பழைய எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை நண்பர் வீட்டில் கேட்டேன். அதன் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் தரும் ஒலியளவு) சுமார் 82 டெசிபெல்தான். அருகே அமர்ந்து கேட்டபோது குரல் உயிரோடு இருந்தது. அறையின் கோடிக்கு நகர்ந்தபோது ஆம்ப்ளிஃபையர் திணறியது. அன்றிலிருந்து வாங்குபவர்கள் எல்லோரிடமும் தூரத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 87 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தருகிறது. திறந்த வெளியில் நான்கு மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபெல் குறையும்; இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதற்கு 3 டெசிபெல் கூட்டுங்கள்; ஆக 78. அங்கே 98 டெசிபெல் உச்சம் வேண்டுமென்றால் இன்னும் 20 டெசிபெல், அதாவது சேனலுக்கு 100 வாட் தேவை. அதே இடத்தில் 96 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்தால் 12 வாட்டைச் சற்றுத் தாண்டினால் போதும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் உண்மைத் தேவை இதைவிடக் குறைவாகவே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். ஆகவே 2.83 வோல்ட்டில் 90 டெசிபெல் என்று அறிவிக்கப்பட்ட 4 ஓம் ஸ்பீக்கர், வாட் கணக்கில் 87 தான்.

8 ஓமில் 100 வாட் தருகிற ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு சுமார் 28 வோல்ட். அதே மின்னழுத்தத்தை 3 ஓமில் தாங்கிப் பிடிக்க வேண்டுமானால் 9 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நாலு ஓமின் நண்பர் மூச்சு வாங்கத் தூக்கிவந்தது பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் எடையைத்தான். வாங்கும்போது 8 ஓம், 4 ஓம் ஆகிய இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எடை எண்களிலேயே தெரிந்துவிடும். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்த எண்) 100-ஆ 500-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாய்ஸ் காயிலின் சொந்த மின்தடையே 6 ஓம் அளவில் அதே சுற்றில் உட்கார்ந்திருக்கிறது.

வால்வுப் பிரியை

டேம்பிங் ஃபேக்டர் பற்றிய கடைசி வரிகளை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனது வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம். டேம்பிங் ஃபேக்டர் வெறும் நான்கு. வீட்டில் இருந்த ஸ்பீக்கரின் இம்பீடன்ஸோ ஓரிடத்தில் 4 ஓம், கிராஸோவர் (வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பகிர்ந்துகொள்ளும் அதிர்வெண்) அருகே 20 ஓம். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஆம்ப்ளிஃபையரே 2.7 டெசிபெல் மேடு பள்ளத்தை உண்டாக்கிவிடும். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு வயலின் தனிவாசிப்பில், வில் நரம்பைத் தொடும் உரசல் திடீரென்று முன்னால் வந்து நின்றது. விருந்தினர் ஒருவர் “இது வேறு பதிவா?” என்று கேட்டார். டிரான்ஸ்ஃபார்மரில் 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்குக் கம்பியை மாற்றியதும் உரசல் பாதி அடங்கியது. வெப்பத்தகடு சொல்வதை மறுக்கவில்லை, ஆனாலும் எனக்கு முந்தைய 8 ஓம் முனையின் ஒலிதான் பிடித்திருந்தது.

மேடைக்காரர்

கிளிப்பிங் விளக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மடங்கு என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் கூட்டம் ஆடத் தொடங்கியபின் குமிழைக் குறைக்க எவரும் விடுவதில்லை. பிரிட்ஜ் செய்பவர்களுக்காக (இரண்டு சேனல்களை ஒன்றாக்கி ஒரே சுமையை இயக்குபவர்களுக்காக) ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாக இணைத்து, பிரிட்ஜ் செய்த ஆம்ப்ளிஃபையரில் ஒரு குழுவினர் மாட்டியிருந்தார்கள். சுமை 4 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் உணர்வது அதில் பாதி, அதாவது 2 ஓம். மின்விசிறி அலறிக்கொண்டிருந்தது, மூடியின் மேல் கை வைக்க முடியவில்லை, மூன்றாவது பாட்டின் நடுவில் வெப்பப் பாதுகாப்பு ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டது. பிரிட்ஜைப் பிரித்து, சேனலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்று மாட்டினோம். ஒலி கொஞ்சம் குறைந்தது. கச்சேரி முடியும்வரை விசிறி மெதுவாகவே சுழன்றது.