திருமணப் புகைப்படத் தொழில்: ஒரு கேமரா போதுமா?

கேள்வி: ஒரு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), 24-70 மி.மீ. லென்ஸ், ஒரு ஃபிளாஷ் கையில் இருக்கிறது. ஆர்டர் எடுக்கலாமா?

பதில் 1: இரண்டாவது பாடி இல்லாமல் முன்பணம் வாங்காதீர்கள், வாடகைக்காவது எடுங்கள். ஷட்டர் மக்கர் பண்ணினால் சடங்கை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. கேமராவில் மெமரி கார்டுக்கு இரட்டை ஸ்லாட் இருந்தால் 'பேக்கப்' முறையில் வையுங்கள், ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும். 'ஓவர்ஃப்ளோ'வில் முதல் கார்டு நிறைந்த பிறகுதான் அடுத்ததில் எழுதும், பிரதி இருக்காது. கார்டு செத்தால் எல்லாம் போச்சு.

பதில் 2: பலர் கவிழ்வது விலை போடுவதில்தான். படம் தேர்வு, நிறத்திருத்தம், ஆல்பம் வடிவமைப்பு என்று மேசை வேலை பெரும்பாலும் எடுத்த நேரத்தைவிட அதிகம். அதற்கும் கூலி போடுங்கள்.

பதில் 3: ஆல்பம் திருத்தம் 2 முறைதான், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு) தருவீர்களா என்பதையும்.

கேட்டவர்: ரா ஃபைல் யோசிக்கவே இல்லை. நன்றி.